ஒட்டகம் மாதிரி நடக்கும் நாய்க்கு இடுப்பு போய்விட்டதா?

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு 9 மாதம். ஓட்டத்தில் குறையில்லை. ஆனால் சங்கிலி பிடித்து நடத்தினால் இடப்பக்கக் கால் இரண்டும் ஒன்றாக, அப்புறம் வலப்பக்கக் கால் இரண்டும் ஒன்றாகப் போகின்றன. 'இடுப்பு போச்சு, ஆபரேஷன்தான்' என்கிறார் பழக்க வருபவர். குட்டி விற்றவரோ கால்சியம் டானிக் ஊற்றச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த டானிக் பாட்டிலை மூடி வையுங்கள்.

நிதானமாக நடக்கிற நாய் நான்கு கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும். வேகம் கூடினால் மெல்லோட்டம். அதில் இடது முன்காலும் வலது பின்காலும் குறுக்கு ஜோடியாகப் போகும். அதற்கும் மேலே நாலுகால் பாய்ச்சல். நாம் சங்கிலி பிடித்து நடக்கும் வேகம் அதன் நடைக்கு அதிகம், மெல்லோட்டத்துக்குக் குறைவு. இரண்டும் கெட்டான் வேகத்தில் நாய், ஒரு பக்கக் கால் இரண்டும் ஒன்றாகப் போகும் ஒட்டக நடைக்குப் போய்விடுகிறது. களைத்த நாயும் எடை ஏறிய நாயும் இப்படித்தான் நடக்கும். இது மட்டும் இருந்தால் நோய் இல்லை.

வீட்டில் ஒருவர் நாயை நடத்தட்டும். நீங்கள் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். பத்தடி வேகமாகப் போகச் சொல்லுங்கள். கால்கள் குறுக்கு ஜோடிக்கு மாறி, தலையும் ஆடாமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

தலையாட்டத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்காலில் வலி என்றால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும்; நல்ல கால் படும்போதுதான் கீழே இறங்கும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலில் கட்டுப் போட்டுக் கூட்டி வந்தவர்கள் உண்டு.

கவலைப்பட வேண்டியது வேறு. ஓடும்போதும் படி ஏறும்போதும் பின்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தத்துகிறதா? விளையாட்டில் எப்போதாவது தத்தினால் விடுங்கள், எல்லாக் குட்டியும் செய்யும். தினமும் தத்துகிறது, காலையில் எழத் தடுமாறுகிறது, கொஞ்ச தூரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது, பின்தொடை மெலிகிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். அதுவும் மயக்கம் கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, பின்கால்களை நீட்டி எடுக்க வேண்டும். திமிறுகிற நாயை இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து எடுத்த படத்தைக் கொண்டுவந்து 'இடுப்பு எப்படி இருக்கு டாக்டர்?' என்றால் நான் என்ன சொல்ல?

தடித்த எலும்பு என்று ஆசை காட்டும் இந்த 'ஹெவி போன்' வியாபாரத்தைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கு வாய் வலிக்கிறது. பெரிய இனக் குட்டிகளுக்கு விற்கும் நல்ல தீனியில் வேண்டிய கால்சியம் இருக்கிறது. மேலே ஊற்றினால் இளம் குட்டியின் உடம்பால் அதைத் தடுக்க முடியாது, எலும்பு கோணலாக வளரலாம். விற்றவருக்கு என்ன நஷ்டம்? தாய், தகப்பன் நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டால் பதிவுச் சான்றிதழை நீட்டுவார். அது வம்சத்தைச் சொல்லும், இடுப்பைச் சொல்லாது. கேட்க ஆளில்லை, அதனால் கொடுக்கவும் ஆளில்லை.

நீங்கள் போடும் வலி மாத்திரையை அவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள், சிறுநீரகம் போய்விடும். வீடியோவோடு அவன் எடையையும் எழுதி அனுப்புங்கள். இந்த வயதில் 40 கிலோ என்றால் முதலில் சோற்றுத் தட்டைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.