பழைய கிரெடிட் செல்லுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: முன்பு எங்கோ படித்து வாங்கிய கிரெடிட்டை (ஒரு பாடத்தை முடித்தால் கிடைக்கும் அளவுப் புள்ளி) அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) கணக்கில் சேர்ப்பார்களா, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பது. கட்டிய காசு திரும்பி வராத சமாச்சாரம் என்பதால் ஐந்து கேள்விகளைச் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஒரு கல்லூரியில் 2009-ல் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தேன். இப்போது எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) கணவரோடு இருக்கிறேன். கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சேர ஆசை. "முதலில் டபிள்யூ.இ.எஸ்.ஸுக்குப் பணத்தைக் கட்டு, மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்கிறாள் தோழி. கட்டிவிடலாமா?
— வாசகி, ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

இப்போதைக்குக் கட்டாதீர்கள். டபிள்யூ.இ.எஸ். என்பது வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்கக் கணக்கில் மதிப்பிட்டு அறிக்கை தரும் நிறுவனம்; அது அடுத்த கட்டம். முதலில் நீங்கள் சேர நினைக்கும் காலேஜின் கவுன்சிலரைப் பாருங்கள். நம்மூர் வார்டு கவுன்சிலர் இல்லை. எந்தப் பாடம் எடுக்கலாம் என்று சொல்லும் ஆலோசகர். சந்திப்புக்குக் காசு கிடையாது. இதைச் செய்யாமல் மதிப்பீட்டுக்குப் பணம் கட்டி, வந்த அறிக்கையை அலமாரியில் வைத்திருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து உண்டு.

ஏன் அவசரப்படக் கூடாது என்கிறேன் என்றால், இங்கே இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. உங்கள் பழைய படிப்பைக் காலேஜ் ஏற்றுக்கொள்வது ஒன்று. அது நீங்கள் சேரும் படிப்பின் தேவைகளில் ஏதாவது ஒரு கட்டத்தை நிரப்புவது இன்னொன்று. "90 கிரெடிட் ஏற்கப்பட்டது" என்று கடிதம் வரும், சந்தோஷமாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் விருப்பப்பாடக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். நர்சிங்குக்கு அதில் ஒரு கிரெடிட்கூட உதவாது.

உங்கள் விஷயத்தில் வேடிக்கை இதைவிடப் பெரிது. நர்சிங்கில் சேருமுன் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் மூன்றையும் ஆய்வகத்தோடு முடித்திருக்க வேண்டும். பல காலேஜ்களில் இவை கடந்த 5 அல்லது 7 வருடத்துக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் படித்த அறிவியல் பாடத்தை நர்சிங் முன்தகுதிக்கு எடுத்துக்கொள்ளவே மாட்டோம் என்கிற காலேஜ்களும் இருக்கின்றன. ஆக, மூன்று வருடம் மைக்ரோபயாலஜியே படித்த நீங்கள், மறுபடி ஒரு செமஸ்டர் மைக்ரோபயாலஜி எடுக்க வேண்டி வரலாம். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அதை 200 டாலர் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட, முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கவுன்சிலரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மதிப்பீட்டு நிறுவனங்களின் அறிக்கையை ஏற்கிறீர்கள்? பாடவாரியான அறிக்கை வேண்டுமா, மொத்தப் பட்டத்துக்கான அறிக்கை போதுமா? வெளிநாட்டுப் பட்டம் இருந்தால் பொதுக்கல்விப் பாடங்களிலிருந்து விலக்கு உண்டா? உங்கள் பட்டத்துக்கு நிஜமான பலன் கிடைக்க வாய்ப்புள்ள இடம் இந்த மூன்றாவது கேள்விதான். வரலாறு, சமூகவியல், கலை என்று இருக்கும் பொதுப் பாடங்களில் சில குறைந்தால் ஒரு வருடமே மிச்சமாகலாம். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்துக்கு மட்டும் நம்மூர் ஆங்கிலத்தை அநேகமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை அடுத்த செமஸ்டர் கவுன்சிலர் மாறும்வரைதான் செல்லும்.

மதிப்பீடு தேவை என்று சொல்லிவிட்டால், டபிள்யூ.இ.எஸ். மட்டும்தான் என்றில்லை. நேசஸ் என்ற கூட்டமைப்பில் உறுப்பினராக இருக்கும் நிறுவனங்களின் அறிக்கையைப் பெரும்பாலான காலேஜ்கள் ஏற்கும். மில்வாக்கியில் இருக்கும் இ.சி.இ. அப்படி ஒன்று. கட்டணத்தையும் காலக்கெடுவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாடவாரி அறிக்கைக்குச் சுமார் 200 டாலர் ஆகும். மொத்தப் பட்டத்துக்கான அறிக்கை அதைவிடக் கணிசமாகக் குறைவு. கிரெடிட் மாற்ற வேண்டுமென்றால் விலை அதிகமான பாடவாரி அறிக்கையே உதவும். நம்மூரில் 60 மார்க் என்றால் முதல் வகுப்பு. இங்கே 60 என்றால் தேறுவதே சந்தேகம். அந்த வித்தியாசத்தைச் சரிசெய்து, பாடத்துக்குப் பாடம் கிரெடிட்டும் கிரேடும் போட்டுத் தருவது அந்த அறிக்கைதான்.

டிரான்ஸ்கிரிப்ட் (பாடவாரி மதிப்பெண் பட்டியல்) விஷயத்தில் நம் ஆட்கள் வழக்கமாகச் சறுக்குவார்கள். நீங்கள் படித்த கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ் பொதுவாகப் போதாது. பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட உறையிலோ, மின்வழியாகவோ நேராகப் போக வேண்டும். உறை உங்கள் கைக்கு வந்தால் ஆர்வத்தில் பிரித்துவிடாதீர்கள், பிரித்தால் போச்சு. பொறியியல் படித்த மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது 2001-ல்தான். அதற்கு முன் படித்தவர்கள் மார்க் ஷீட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதோ, மதுரை காமராசரோ பாரதியாரோ, அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். பழைய பாடத்திட்டத்தின் நகலும் கிடைத்தால் கையோடு வாங்கிவிடுங்கள். பாடத்தின் தலைப்பை மட்டும் பார்த்துத் தள்ளிவிட்டால், மேல்முறையீட்டில் அதுதான் பேசும்.

அப்புறம், நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். எச்-4-ல் படிக்கத் தடையில்லை, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை. ஆனால் படித்து முடித்து வேலை பார்க்க தனி அனுமதி வேண்டும். அது எச்-4-ல் இருக்கும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கட்டணத்தில், கலிபோர்னியாவில் குடியிருப்புத் தகுதி பெற்றவருக்கு ஒரு கிரெடிட் 46 டாலர். தகுதி இல்லையென்றால் அதைப் போலப் பல மடங்கு. மாநிலத்தில் ஒரு வருடம் நிறைந்துவிட்டதா, காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்பதைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். கிரெடிட் மாற்றத்தில் மிச்சம் பிடிப்பதைவிட இதில் மிச்சமாகும் தொகை பெரியதாக இருக்கலாம்.

என் கணவர் லாப நோக்கில் நடக்கும் ஒரு ஆன்லைன் கல்லூரியில் ஐ.டி. படித்து 38 கிரெடிட் வைத்திருக்கிறார். சேர்த்துவிட்டவர் "எங்கே போனாலும் இது செல்லும்" என்றார். இப்போது கம்யூனிட்டி காலேஜ் 9 கிரெடிட் மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. மத்திய அரசுக் கல்விக் கடன் அப்படியே நிற்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகி, பிளேனோ, டெக்சஸ்

ஒன்பதாவது கிடைத்ததே என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்திருக்கிறார்கள். லாப நோக்குக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்குப் போனவர்களோ 94 சதவீதத்தை. 2015-ல் கொரிந்தியன், 2016-ல் ஐ.டி.டி. டெக் என்று பெரிய சங்கிலிக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கானவர்கள் வேறு எங்கும் செல்லாத கிரெடிட்டோடு தெருவில் நின்றார்கள்.

காரணம் பெரும்பாலும் அங்கீகாரம். அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருவது அரசு இல்லை, தனி அமைப்புகள். அதில் நாட்டின் பகுதிவாரியாகப் பிரிந்திருந்த பழைய வட்டார அமைப்புகளுக்கு இருக்கும் மதிப்பு மற்றவற்றுக்கு இல்லை. 2020-ல் மத்தியக் கல்வித் துறை காகிதத்தில் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. ஆனால் கிரெடிட்டை ஏற்பதும் மறுப்பதும் புதிதாகச் சேரும் கல்லூரியின் உரிமை, அதனால் பழைய வழக்கம் பல இடத்தில் அப்படியே இருக்கிறது. "அங்கீகாரம் பெற்றது" என்ற விளம்பர வரி பொய்யாக இல்லாமலே உங்களை ஏமாற்ற முடியும்.

சரி, செய்யக்கூடியது. மீதி 29 கிரெடிட்டை அப்படியே விட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் எடுத்துக்கொண்டு, நேராக ஐ.டி. துறைத் தலைவரிடம் மறுபரிசீலனை கேளுங்கள். பதிவாளர் அலுவலகம் பட்டியலைப் பார்க்கும்; துறைக்காரர் உள்ளே என்ன படித்தார் என்று பார்ப்பார். பாடத்தை எடுக்காமல் தேர்வு மட்டும் எழுதிக் கிரெடிட் வாங்கும் வழி பல காலேஜ்களில் உண்டு. உங்கள் கணவரிடம் காம்ப்டியா, சிஸ்கோ மாதிரி ஐ.டி. சான்றிதழ் ஏதாவது இருந்தால் அதற்கே கிரெடிட் தரும் காலேஜ்கள் நிறைய. கல்லூரியில் கற்றதை அவர் அங்கே நிரூபித்துவிட்டால், கட்டிய பணத்தில் கொஞ்சம் மீண்ட மாதிரி.

அடுத்தது கடன். கிரெடிட் எங்கே செல்லும் என்பதைப் பற்றித் தவறான தகவல் தந்து மாணவரைச் சேர்ப்பது, மத்திய விதிகளின்படி தவறான சித்தரிப்பு. அதை வைத்துக் கடன் தள்ளுபடி கேட்டுக் கல்வித் துறையிடம் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. "உங்களுக்காக விண்ணப்பித்துத் தருகிறோம், 800 டாலர்" என்று யாராவது தொலைபேசியில் வந்தால் வைத்துவிடுங்கள். சேர்த்துவிட்டவர் சொன்னது மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். தொலைபேசியில் மட்டும் சொல்லியிருந்தால் கஷ்டம்தான், ஆனாலும் தேதியோடு எழுதி வையுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்தக் கல்லூரி எப்போதாவது மூடப்பட்டால், மூடிய கல்லூரிக்கான கடன் தள்ளுபடி என்று தனி வழி உண்டு. ஆனால் அங்கே வாங்கிய கிரெடிட்டை மாற்றி அதே மாதிரிப் படிப்பை வேறு கல்லூரியில் முடித்தால், அந்தத் தள்ளுபடிக்கான தகுதி போய்விடலாம். அப்படி ஒரு செய்தி வந்தால், கிரெடிட்டை மாற்றும் முன் கணக்குப் போடுங்கள். ஒன்பது கிரெடிட்டுக்காக முழுக்கடன் தள்ளுபடியை விடுவது நஷ்டம்.

12 வருடம் முன்பு நியூயார்க்கில் ஒரு கல்லூரியில் இரண்டு செமஸ்டர் படித்து, பாதியில் நின்றேன். கிரேடில் இரண்டு எஃப் (தோல்வி), ஒரு டி (கடைசித் தேர்ச்சி). போதாக்குறைக்கு 640 டாலர் பாக்கி என்று டிரான்ஸ்கிரிப்ட் தர மறுத்தார்கள். அந்தக் கல்லூரியைச் சொல்லாமலே புதிதாகச் சேர்ந்துவிட்டால் என்ன?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

மறைக்காதீர்கள். விண்ணப்பத்தில் முன்பு படித்த எல்லாக் கல்லூரியையும் கேட்பார்கள், நாடு முழுக்கச் சேர்க்கை விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் மையம் ஒன்று இருக்கிறது, மத்திய உதவித்தொகை வாங்கியிருந்தால் அதுவும் பதிவில் இருக்கும். பின்னால் தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகலாம்.

மறைக்க அவசியமும் குறைவு. பொதுவாக சி அல்லது அதற்கு மேல் வாங்கிய பாடங்கள்தான் மாறும். எஃப்பும் டியும் அங்கேயே தங்கிவிடும். பெரும்பாலான காலேஜ்களில் மாறி வரும் பாடத்துக்கு கிரெடிட் மட்டும் வரும், பழைய கிரேடு புதிய சராசரியில் சேராது. உங்களுக்கு அது லாபம்.

பாக்கி விஷயத்தில் காலம் மாறிவிட்டது. பாக்கிக்காக டிரான்ஸ்கிரிப்டைப் பிடித்து வைப்பதை கலிபோர்னியா 2020 முதல் தடை செய்தது. நியூயார்க்கும் 2022-ல் செய்தது. ஆகவே மறுபடி கேளுங்கள், மறுத்தால் இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். 640 டாலர் மட்டும் அப்படியே இருக்கும், சட்டம் அதைத் தள்ளுபடி செய்யவில்லை. வசூல் நிறுவனத்துக்குப் போயிருந்தால் தொகை வளர்ந்தும் இருக்கலாம்.

உதவித்தொகை வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 60 கிரெடிட் அசோசியேட் (இரண்டு வருடப் பட்டம்) படிப்புக்கு அதன் ஒன்றரை மடங்கு, அதாவது முயன்ற கிரெடிட் 90-ஐத் தாண்டாதவரைதான் மத்திய உதவி. காலேஜ் ஏற்றுக்கொண்ட பழைய கிரெடிட்டும் இந்த 90-க்குள் எண்ணப்படும். உங்களிடம் இருப்பது கொஞ்சம் என்பதால் கவலையில்லை. ஆனால் நாலு இடத்தில் படித்துவிட்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். படிப்புக்குப் பயன்படாத கிரெடிட்டால் ஒரு ஆதாயமும் இல்லை.

பையன் பள்ளியில் ஏ.பி. (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) கால்குலஸில் 5-க்கு 4 வாங்கினான். பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் அது இருக்கிறது. காலேஜ் கிரெடிட் கொடுக்கவில்லையே?
— வாசகர், ஷாம்பர்க், இல்லினாய்

பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் இருப்பது பள்ளி போட்ட மார்க். தேர்வு மதிப்பெண்ணை, அதை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து நேராக அனுப்பச் சொல்ல வேண்டும், அதற்குச் சின்னக் கட்டணம் உண்டு. அனுப்பியபின் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சலும் போடுங்கள். அவன் பள்ளியிலிருந்தே காலேஜ் வகுப்பு ஏதாவது எடுத்திருந்தால், அதற்கு அந்தக் காலேஜிலிருந்து தனி டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வேண்டும்.

எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். வெளிநாட்டு மொழிப் பாடத்துக்குப் பதிலாக அதைக் கிரெடிட்டாக வாங்க முடியுமா?
— வாசகி, சார்லட், வட கரோலினா

கிளெப் தேர்வில் (பாடத்தை எடுக்காமல் எழுதிக் கிரெடிட் வாங்கும் தேர்வு) முடியாது. அதில் இருக்கும் வெளிநாட்டு மொழிகள் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மட்டும்தான். ஆக்ட்ஃபில் என்ற அமைப்பின் பேச்சுத் திறன் தேர்வில் தமிழ் உண்டு. உங்கள் காலேஜ் அதற்குக் கிரெடிட் தருமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள், கட்டணம் கொஞ்சம் அதிகம். அதற்கு முன் ஒன்று பாருங்கள்: உங்கள் படிப்புக்கு மொழிப் பாடம் தேவைதானா? பல அசோசியேட் படிப்புகளில் கேட்பதே இல்லை.