இறுகிப்போன பிஎம்எக்ஸ் ஸ்டெம்: சூடு வேண்டாம், பாலிஷுக்கு அவசரமும் வேண்டாம்

கேள்வி: 1980களில் வந்த பிஎம்எக்ஸ் சைக்கிள் ஒன்று கைக்குக் கிடைத்திருக்கிறது. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் அலுமினியம், மேலே நான்கு போல்ட். நீல ஆனோடைசிங் பூச்சு வெளுத்து, திட்டுத்திட்டாக ஊதா நிறமாகிவிட்டது. ஸ்டெம்மும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குள் இறுகிக் கிடக்கிறது. கேஸ் வைத்துச் சுட்டால் வந்துவிடும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். கழற்றிப் புதுப்பிக்க வழி சொல்லுங்கள். (ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்)

கேஸை முதலில் தள்ளி வையுங்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். உங்கள் சைக்கிளில் உள்ளே இருப்பது ஸ்டெம்மின் அலுமினியத் தண்டு, வெளியே ஃபோர்க்கின் எஃகுக் குழாய். சுட்டால் பிடி இன்னும் இறுகும். அலுமினியத்தின் உறுதியும் குறையும். தேவைப்படுவது குளிர்ச்சிதான்.

ஸ்டெம்மின் நடுவில் நீளமான போல்ட் ஒன்று இறங்குகிறது. அதன் அடிமுனையில் சாய்வாக வெட்டிய ஆப்பு இருக்கும். போல்ட்டை முறுக்கினால் ஆப்பு மேலேறிக் குழாயின் உட்சுவரை அழுத்தும். போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் அது இறங்காது, தட்டித்தான் இறக்க வேண்டும். ஆலன் கீ ஓட்டையில் இருக்கும் அழுக்கைக் குத்தி எடுத்துவிட்டு, கீயை முழுசாக இறக்கி, போல்ட்டை 5 மி.மீ. மட்டும் மேலே கொண்டுவாருங்கள். அதன் தலையில் மரக்கட்டையை வைத்து ஒரு அடி. ஆப்பு இறங்கினால் போல்ட்டும் சட்டென்று கீழே போகும். போல்ட்டை அதிகம் கழற்றிவிட்டு அடித்தால், பிடித்திருக்கும் ஒன்றிரண்டு மரைகள் நசுங்கிவிடும்.

ஆப்பு இறங்கியும் ஸ்டெம் அசையவில்லை என்றால் காரணம் துரு அல்ல. எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியே கிடக்கும்போது அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பொங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கின் அடி ஓட்டை வழியாகத் துரு நீக்கும் எண்ணெயை விடுங்கள். இரவு முழுக்க ஊறட்டும். இப்படி இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். பிறகு ஸ்டெம்மைச் சுற்றி அரைமணி நேரம் ஐஸைக் கட்டி வைத்து, ஹேண்டில்பாரை இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். அதனால்தான் ஹேண்டில்பாரை இதுவரை கழற்றச் சொல்லவில்லை, அதுதான் உங்கள் நெம்புகோல். முன்சக்கரத்தைப் பிடித்து முறுக்காதீர்கள், ஃபோர்க்கின் கால்கள் கோணும். சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் தோள்பகுதியை மரத்துண்டுகளுக்கு நடுவில் வைத்து வைஸில் பிடியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தண்டை வெட்டி, லேத்தில் குடைந்து எடுப்பது ஒன்றுதான் மிச்சம். ஸ்டெம் போகும், ஃபோர்க் பிழைக்கும்.

வெளியே வந்த கையோடு தண்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க பாணி பழைய பிஎம்எக்ஸ்களில் பெரும்பாலும் 21.1 மி.மீ., மற்ற சைக்கிள்களில் பொதுவாக 22.2 மி.மீ. பின்னால் வேறு ஸ்டெம் தேட நேர்ந்தால், இந்த ஒரு மி.மீ. வித்தியாசத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

அடுத்து பாலிஷ் என்றுதான் கை பரபரக்கும். கோவையில் கணபதியிலோ குறிச்சி சிட்கோ பக்கமோ பட்டறையில் கொடுத்தால், "சாயங்காலம் பளபளன்னு குடுத்தர்றேனுங்க" என்பார்கள். சொன்னபடியே கொடுத்தும் விடுவார்கள், விரிசல் இருந்தால் அதையும் மூடி. பஃபிங் சக்கரம் மெல்லிய விரிசலின் மேல் அலுமினியத்தை இழுத்துப் பூசிவிடும். முதலில் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கும் சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் ஸ்பிரே செட்டை வாங்கிச் சோதியுங்கள். சாயத்தைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, துணியால் துடைத்து, வெள்ளையை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: தண்டும் தலையும் சேரும் மூலை, தண்டின் அடியில் பிளவு இருந்தால் அதன் முனை, போல்ட் ஓட்டைகளின் ஓரம். சிவப்புக் கோடு தெரிந்தால் அந்த ஸ்டெம் அலமாரிக்கு மட்டுமே லாயக்கு.

விரிசல் இல்லையென்றால் பழைய ஆனோடைசிங்கை எடுக்கலாம். அது பெயின்ட் அல்ல, அலுமினியத்தின் மேலேயே வளர்த்த ஆக்ஸைடு. உப்புத்தாளில் சுரண்டினால் நாளெல்லாம் போகும். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, அதில் 40 முதல் 50 கிராம் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். எஃகுப் பாகங்களையெல்லாம் முன்பே கழற்றி, மரை ஓட்டைகளை ரப்பர் தக்கையால் அடைத்துவிடுங்கள். ஸ்டெம்மை அதில் முக்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கழுவிப் பாருங்கள். நுரை திடீரென்று பெருகினால் பூச்சு தீர்ந்து, உலோகத்தையே தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்குமேல் ஒரு நொடியும் வேண்டாம். மிஞ்சும் கருப்புப் படிவு உப்புத்தாளில் போய்விடும். போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளைத் திட்டாகப் படியும், கடைசி அலசலுக்கு பேட்டரித் தண்ணீர் நல்லது.

நீரில் நனைத்துத் தேய்க்கும் தாள் 400, 600, 800, 1200 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறல்களைக் குறுக்கே தேய்த்து அழிக்க வேண்டும். கம்பெனிப் பெயர் பொறித்த இடத்தைக் கையால் மட்டும் தொடுங்கள், பழைய ஸ்டெம்முக்கு விலையே அந்த எழுத்துதான். ஹேண்டில்பாரைக் கவ்வும் உட்பக்கத்தைப் பாலிஷ் செய்யவே கூடாது, பிடி நழுவும்.

மறுபடி நீலம் வேண்டுமென்றால் ஆனோடைசிங்தான் சரி. வார்ப்பு அலுமினியமாக இருந்தால் அதிலுள்ள சிலிக்கானால் நிறம் மங்கிச் சாம்பலடிக்கும், பட்டறையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பவுடர் கோட்டிங்கை இதற்குச் சொல்ல மாட்டேன். 180 முதல் 200 டிகிரி சூளை, சில அலுமினியக் கலவைகளின் பலத்தைக் குறைத்துவிடும். பூச்சு ஏறிய தண்டும் குழாய்க்குள் இறங்காது.

போல்ட்டுகளை ஸ்டெம்மோடு சேர்த்து முலாம் பூசக் கொடுக்காதீர்கள், துரு எடுக்க அமிலத்திலும் ஊறவைக்காதீர்கள். உயர்பல எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால், வெளியில் ஒன்றும் தெரியாமல் ஒருநாள் பட்டென்று முறியும். மரை அளவைப் பார்த்துப் புதிதாக வாங்குவதற்கு அதிகம் செலவாகாது.

திரும்பப் பூட்டும்போது தண்டுக்கும் ஆப்புக்கும் தாராளமாக கிரீஸ் பூசுங்கள். தண்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச ஆழக் கோடு குழாய்க்குள் மறைய வேண்டும். கோடு அழிந்திருந்தால் 65 மி.மீ. உள்ளே போகட்டும். ஆப்பு, குழாயின் மரை வெட்டிய பகுதிக்குக் கீழே உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் குழாய் புடைக்கும். மேல்மூடியின் நான்கு போல்ட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, இருபக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி முறுக்குங்கள். நடு போல்ட் 8 மி.மீ. என்றால் சுமார் 18 நியூட்டன் மீட்டர் போதும். பிறகு முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். நழுவினால் இன்னும் கால் சுற்று. முதல் நாள் ஓட்டி வந்ததும் ஐந்து போல்ட்டுகளையும் மறுபடி சரிபாருங்கள்.