கெக்கில் ஜிஞ்சர் பியர்: காஸ் ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி: உப்புவெளியில் சிறிய விடுதி நடத்துகிறோம். வீட்டில் காய்ச்சிய ஜிஞ்சர் பியரைப் பழைய 19 லீட்டர் கெக்கில் (காஸ் ஏற்றும் எஃகுக் கலனில்) ஊற்றி, சமையலறையில் வைத்தே 17 பிஎஸ்ஐ (அமுக்க அலகு) காஸ் கொடுத்தோம். மூன்று நாளாகியும் பிடிக்கவில்லை. 40க்கு ஏற்றினோம். இப்போது கிளாஸ் முழுக்க நுரை, குடித்தால் சப்பென்று இருக்கிறது. எங்கே பிழை?

பதில்: 17 பிஎஸ்ஐ சரியான அளவுதான். கெக் சூடாக இருந்ததுதான் பிழை. காபனீரொட்சைட்டு குளிர்ந்த பானத்தில்தான் நன்றாகக் கரையும். 4 பாகை குளிரில், 17 பிஎஸ்ஐயில், ஒரு லீட்டர் பானம் ஏறக்குறைய 3 லீட்டர் காஸை வாங்கும். ஜிஞ்சர் பியருக்கு வேண்டிய விறுவிறுப்பு அது. அதே அமுக்கத்தில் 30 பாகைச் சூட்டில் ஒன்றரை லீட்டர்கூட ஏறாது. 40க்கு ஏற்றினால் கூடுதலாகக் கரையும், ஆனால் குழாயை விட்டு வந்ததும் சூடான பானம் அதைப் பிடித்து வைக்காது. எல்லாம் நுரையாகக் கழன்றுபோய், கிளாஸில் சீனித் தண்ணீர்தான் மிஞ்சும்.

காஸ் இணைப்பைக் கழற்றி, மூடியிலுள்ள வால்வைத் திறந்து அமுக்கத்தை வெளியேற்றுங்கள். பிறகு கெக்கை ஒரு முழு நாள் பிரிட்ஜில் வையுங்கள். 18 லீட்டர் பானம் உள்வரை குளிர அவ்வளவு நேரம் வேண்டும். வெளித் தகரம் குளிர்ந்ததை நம்பவேண்டாம். 18 லீட்டருக்கு மேல் நிரப்பவும் கூடாது. காஸ் பக்கத்துக் குட்டைக் குழாய் பானத்தில் முங்கினால், இனிப்புத் தண்ணீர் சிலிண்டரின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்வரை ஏறிவிடும்.

குளிர்ந்தபின் 30 பிஎஸ்ஐ கொடுத்து மூடியின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) இறுக்கி, வால்வை நாலைந்து தடவை இழுத்து உள்ளிருக்கும் காற்றை விரட்டுங்கள். மூடியிலும் இணைப்புகளிலும் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் இரவோடிரவாகச் சிலிண்டர் காலியாகலாம். பிறகு 17க்கு இறக்கி அப்படியே விட்டால் ஒரு வாரத்தில் தயார். அவசரமென்றால் காஸ் வாய் மேலே இருக்கும்படி கெக்கைச் சாய்த்து, 17இலேயே வைத்து, காஸ் உள்ளே போகும் சத்தம் நிற்கும்வரை ஆட்டுங்கள். பலர் 30இல் வைத்து ஆட்டச் சொல்வார்கள். அது வேகமானதுதான், ஆனால் எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் அளவு மீறிப்போகும். 17இல் மீறவே வழியில்லை. ஆட்டியபின் சில மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டுத்தான் ஊற்றவேண்டும்.

அதற்குப் பிறகும் நுரைத்தால் ஊற்றும் குழாயைப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் 5 மீட்டராவது வேண்டும், அதுவும் பிரிட்ஜுக்குள் சுருண்டு கிடக்கவேண்டும். குழாய் குட்டையாக இருந்தால் பானம் சீறி வந்து காஸை இழக்கும். டாப்பைப் பாதி திறப்பதும் நுரையைக் கூட்டும், முழுதாகத் திறவுங்கள். இஞ்சி நாரும் தேசிக்காய்ச் சக்கையும் குமிழிகளுக்குப் பிடிமானம், வால்வையும் அடைக்கும். ஆகவே மெல்லிய துணியில் இரண்டு தடவை வடியுங்கள்.

இஞ்சியைச் சீனியோடு 20 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் தேசிக்காய்ச் சாறு சேர்ப்பதே நல்லது. பச்சை இஞ்சியில் ஈஸ்ட் உண்டு. கொதிக்காத பானம் சூட்டில் தானாக நொதித்து அமுக்கத்தை ஏற்றும்; கண்ணாடிப் போத்தலில் அடைத்தால் வெடிக்கும். கெக்கைக் கழுவக் குளோரின் வேண்டாம், அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் துளை போடும். கொதிநீர் போதும்.

சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலி போட்டு, வெயில் படாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். 5 கிலோ காஸ் முழுதும் கசிந்தால் 2.7 கனமீட்டர். பத்தடிக்குப் பத்தடி மூடிய அறையில் அது காற்றில் பத்தில் ஒரு பங்கு; அதற்குள் இருப்பவர் மயங்கி விழுந்து உயிரிழக்கலாம். மிச்சம் எவ்வளவு என்பதை மானி காட்டாது. தராசில் நிறுத்துத்தான் அறியவேண்டும்.