இரக்கமா, பரிவா? துக்கத்தில் இருப்பவருக்கு எழுதும்போது

கேள்வி: உடன் வேலை பார்ப்பவரின் தாயார் காலமானார். 'உங்கள்மேல் மிகவும் இரக்கப்படுகிறேன்' என்று செய்தி அனுப்பினேன். அதன்பிறகு அவர் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிறர் துன்பம் கண்டு உருகுவதைத்தானே இரக்கம் என்கிறோம்? வேறு என்ன எழுதியிருக்க வேண்டும்?

பதில்: உங்கள் மனதில் தப்பே இல்லை. சொல்லை வைத்த இடம்தான் தப்பு. 'அவர் இரக்கமுள்ள மனிதர்' என்றால் பாராட்டு. அதையே துன்பப்படுகிறவரிடம் நேராகச் சொன்னால், அவர் ஒரு படி கீழே இறங்கிவிட்டது போல் ஆகிறது. 'உங்கள்மேல்' என்று எழுதினீர்களே, அந்த 'மேல்' அவருக்கு உறைத்திருக்கும்.

இத்தனைக்கும் சொல்லின் வேரில் இந்த ஏற்றத்தாழ்வு கிடையாது. இரங்குதல் என்றால் வருந்துதல், புலம்புதல். சங்க இலக்கியத்தில் கடற்கரையைச் சார்ந்த நெய்தல் திணையின் உரிப்பொருள், அதாவது அதற்குரிய உணர்வு, இரங்கல். அங்கே பிரிவில் வாடுகிற தலைவிதான் இரங்குகிறாள். இரங்கற்பா, இரங்கல் செய்தி என்னும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் 'ஆழ்ந்த இரங்கல்' என்று தாராளமாக எழுதலாம். 'இரக்கப்படுகிறேன்' வேண்டாம்.

நெருங்கிப் பழகுபவரிடம் எனக்குப் பிடித்த சொல் பரிவு. பரிந்து பேசுவது என்றால் ஒருவர் பக்கம் நின்று பேசுவது. பரிந்துரையும் இதில் பிறந்ததுதான். 'பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து' என்கிறது திருவாசகம். பிள்ளை அழட்டும் என்று காத்திராமல், அதன் பசியைத் தானே நினைத்து ஊட்டுகிற தாயின் மனம் அது. ஆனால் பரிவையும் 'பரிவு கொள்கிறேன்' என்று அறிவித்தால் செயற்கையாக இருக்கும். 'பரிவோடு விசாரித்தார்' என்று அடுத்தவர் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டிய சொல் அது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருணை, கொடுக்கவும் மன்னிக்கவும் அதிகாரம் உள்ளவருக்கு உரியது. கருணை மனு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அனுதாபம் பொது அறிக்கைக்குப் பொருந்தும், நண்பருக்கு விறைப்பாகத் தோன்றும். பச்சாதாபம் என்றால் வடமொழியில், தான் செய்த தவறுக்கு வருந்துவது. தமிழில் அந்தப் பொருளிலும், பிறருக்காக இரங்குவது என்ற பொருளிலும் புழங்குவதால் குழப்பும். 'பாவம்' பேச்சில் மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்ல மட்டும். திருக்குறளின் 58ஆம் அதிகாரமான கண்ணோட்டம் முழுக்க முழுக்க இந்த இரக்கத்தைப் பற்றியதுதான். இன்று அந்தச் சொல்லுக்குப் 'பார்க்கும் கோணம்' என்ற பொருளே நிலைத்துவிட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முந்தைய செய்திக்கு விளக்கம் எழுதாதீர்கள். இப்படி ஒன்று அனுப்புங்கள்: 'அம்மாவை நீங்கள் தினமும் சாப்பாட்டு நேரத்தில் போனில் கூப்பிட்டுப் பேசுவது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. நிலுவையில் இருக்கும் வேலையை என்னிடம் தள்ளிவிடுங்கள், நான் முடித்துவைக்கிறேன். மெதுவாக வாருங்கள்.'