ஆள் எடுக்காவிட்டால் மிச்சமா?

கேள்வி: அமெரிக்காவில் ட்ரம்ப் 2025 ஜனவரியில் மறுபடி பதவியேற்ற கையோடு மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவைத்தார். வரிப்பணம் மிச்சம்தானே? பாதுகாப்புப் பணிகளுக்கு விலக்கும் கொடுத்திருக்கிறார். இதிலும் குறை சொல்கிறார்களே, ஏன்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: விலக்கு ஆணையில் இருக்கிறது. மத்திய அரசு நடத்தும் சிறைகளின் வாசலில் அது செல்லுபடியாகிறதா என்பதுதான் கேள்வி.

ஆபீசில் ஒரு நாற்காலி காலியானால் ஃபைல் தேங்கும். சிறையில் காவலர் இடம் காலியானால்? கைதி குறையப் போவதில்லை. இரவு ஷிப்டுக்கு யாரையாவது நிறுத்தியே ஆகவேண்டும். வேலை முடிந்து கிளம்புகிறவரை மடக்கி, இன்னும் எட்டு மணி நேரம் நில் என்பார்கள். கட்டாய ஓவர்டைம், ஒன்றரை மடங்கு சம்பளம். நீங்கள் சொல்லும் மிச்சம் போகிற வழி இது. அதுவும் போதாவிட்டால் கைதிகளுக்குப் பாடம் நடத்தும் வாத்தியார், நர்ஸ், சமையல்கூட மேற்பார்வையாளர் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள். அவர்களும் காவல் பயிற்சி பெற்றவர்கள்தானே என்பது நிர்வாகத்தின் பதில். இருக்கட்டும், வாத்தியார் காவலுக்குப் போன அன்று வகுப்பை யார் நடத்துவது?

ட்ரம்ப் முதல்முறை பதவிக்கு வந்தபோதும் இதே கதைதான். 2017 ஜனவரியில் வந்த தடையை ஏப்ரலில் வெள்ளை மாளிகை விலக்கிக்கொண்டது. சிறைத் துறைக்கு மட்டும் கெடுபிடி நீடித்தது. அடுத்த ஆண்டு ஆயிரக்கணக்கான காலியிடங்களைக் கணக்கிலிருந்தே அடித்துவிட்டார்கள். காலியிடமே இல்லையென்றால் பற்றாக்குறை எங்கே இருக்கிறது? கெட்டிக்காரக் கணக்கு!

2019 ஆகஸ்டில் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் இருந்த மத்திய அரசுச் சிறையில், சிறுமிகள் மீதான பாலியல் குற்ற வழக்கில் கைதாகியிருந்த கோடீஸ்வரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் இறந்தார். தற்கொலை என்றது அரசுத் தரப்பு. சதி என்பவர்கள் பேசிக்கொண்டே இருக்கட்டும். நீதித் துறையின் பதிவில் இருப்பதைப் பாருங்கள். அன்றிரவு காவலுக்கு இருந்த இருவரும் ஓவர்டைமில் இருந்தார்கள். ஒருவருக்கு வழக்கமான வேலை பண்டகசாலையில். அரை மணிக்கு ஒருமுறை அறை அறையாகச் சுற்றிப் பார்க்க வேண்டியவர்கள், அவருடைய அறையிலிருந்து சுமார் 15 அடி தூரத்து மேஜையில் இன்டர்நெட் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம்போலத் தூங்கியும் இருக்கிறார்கள். பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதியும் வைத்தார்கள். அது குற்றம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சிறையில் ஆள் பற்றாக்குறை ஊரறிந்த சங்கதி. அதற்காகக் கூண்டில் ஏறிய மேலதிகாரி யார்?

உள்ளே நடப்பது கைதிகள் பாடு, நமக்கென்ன என்பீர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாள் வெளியே வருகிறவர்கள். படிப்பு, தொழிற்பயிற்சி முடித்தால் சலுகை உண்டு என்று 2018 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் அதே ட்ரம்ப்! அந்த வகுப்பை எடுக்க வேண்டிய வாத்தியாரைத்தான் காவலுக்கு அனுப்புகிறார்கள். ஆள் ரொம்பக் குறைந்த நாட்களில் எல்லோரையும் அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். வகுப்பு கிடையாது, மனைவி மக்கள் வந்து பார்க்கவும் முடியாது. மாதக்கணக்கில் இப்படி அடைபட்டுக் கிடந்தவர் விடுதலையாகி எந்தத் தெருவில் குடியிருப்பார்? பொதுமக்கள் பாதுகாப்பு என்று நான் சொல்வது அந்தத் தெருவைத்தான்.

இது ஒரு கட்சியின் பாவமும் அல்ல. ஒபாமா காலத்தில், 2011 முதல் 2014 வரை, நீதித் துறையில் ஆள் எடுப்பு நின்றிருந்தது. 2013 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் கேனான் சிறையில் நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள் இருந்த பிளாக்கில் தனியாக நின்ற காவலர் ஒருவர் கத்திக்குத்தில் இறந்தார். தனி ஆள் காவல் அப்போது அங்கே அன்றாட நடைமுறையாக இருந்தது.

இனி உங்கள் விலக்குக்கு வருவோம். 2025 ஜனவரி ஆணையில் பாதுகாப்புப் பணிகளுக்கு விலக்கு தந்தார்கள். மார்ச்சில், காவலர்கள் வேலையை விட்டுப் போகாமலிருக்கக் கொடுத்துவந்த ஊக்கத்தொகையை வெட்டினார்கள். சில மாதங்களில் குடியேற்றத் துறை, வந்து சேர்ந்தால் 50,000 டாலர் வரை தருகிறோம் என்று விளம்பரம் செய்தது. சிறைக் காவலர்கள் பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஆணையில் விலக்கு இருந்ததுதான்; வேலைக்கு வர ஆள் வேண்டுமே!