டொக்டரிடம் கேளுங்கள்: லேசர் வைத்தால் முடி வளருமா?

எனக்கு 27 வயது. டெங்கு மாறி மூன்று மாதமாகிறது. இப்போது தலை வாரினால் சீப்பு நிறைய முடி. கொழும்பில் ஓர் இடத்தில் லேசர் ஹெல்மெட் போட்டால் நிற்கும் என்கிறார்கள். சங்கிலியை அடகு வைத்துச் செய்யலாமா?
– வாசகி, உவர்மலை

தங்கச்சி, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். கடும் காய்ச்சல் வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரும் பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். அவை விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதனால்தான் காய்ச்சலையே மறந்த பிறகு சீப்பு நிறைகிறது. உதிர்ந்த முடியைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு என் கிளினிக்குக்கு வருபவர்கள் அநேகம். அதில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தால் வேர் நுனியில் வெள்ளையாக ஒரு சின்னக் குமிழ் தெரியும். ஓய்வுக்குப் போன முடிக்கு அதுதான் அடையாளம். தலையில் வேர்ப்பை உயிரோடுதான் இருக்கிறது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வு தானாகவே குறையும். அந்த நேரம் பார்த்து ஹெல்மெட் போட்டால் முடி வளரத்தான் செய்யும், புகழ் ஹெல்மெட்டுக்குப் போகும்!

காசு செலவழிப்பதென்றால் இரத்தத்தில் பெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) தைரொயிட்டும் பாருங்கள். காய்ச்சலில் வாய்க்கு ருசியில்லாமல் கிடந்த உடம்புக்குச் சூரையும் சாளையும் முட்டையும் வேண்டும்.

லேசர் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். 1960களில் ஹங்கேரியில் என்ட்ரே மெஸ்டர் என்ற வைத்தியர், புற்றுநோய் வருமா என்று பார்க்க, மயிர் மழித்த எலிகளுக்குச் சிவப்பு லேசர் பிடித்தார். புற்றுநோய் வரவில்லை. மயிர்தான் வேகமாக முளைத்தது. 2007இல் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. ஒரு லேசர் சீப்பை ஆண்களுக்கு விற்க அனுமதித்தது, 2011இல் பெண்களுக்கும். ஆனால் அது பரம்பரையாக வகிடு அகலும், உச்சி மெலியும் வகைக்கு. வாரத்தில் சில தடவை, மாதக்கணக்காகப் பிடிக்க வேண்டும். விட்டால் பலனும் போகும். அந்த வகைக்கும் நான் முதலில் எழுதிக்கொடுப்பது மினொக்சிடில் என்ற மருந்துதான்.

பிள்ளை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டு. கருவாட்டு வாடியில் வெயிலில் நிற்கிறேன். ஒரு வெள்ளையாக்கும் கிரீமும் பூசுகிறேன். இரண்டு மாதத்தில் தம்பிக்குக் கலியாணம். அதற்குள் லேசரில் எடுக்கலாமா?
– வாசகி, திருக்கடலூர்

வேண்டாம் அம்மா. திட்டை எடுக்கும் லேசர் தோலில் உள்ள கருநிறத்தைத் தேடித்தான் சூடாக்கும். எங்கள் தோலில் திட்டுக்கு வெளியேயும் அந்த நிறம் நிறைய இருக்கிறதே, அதுவும் சூட்டை வாங்கும். உங்களுக்கு இருப்பது மங்கு போலத் தெரிகிறது. அது சூட்டாலேயே கறுக்கும் நோய். லேசர் பட்ட பிறகு முன்னைவிடக் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். பருத் தழும்புக்கு வைக்கும் கார்பன் டை ஒக்சைட் லேசருக்கும் இதே பயம் உண்டு. ரேடியோ அலைக் கருவி நிறத்தைத் தேடாது, உள்ளே சூடு கொடுத்துத் தொய்வை இறுக்கும். ஆனால் உங்களுக்குத் தொய்வு இல்லையே.

அந்தக் கிரீம் டப்பாவில் என்ன மருந்து என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் ஸ்டீரொயிட்டோ பாதரசமோ கலந்திருக்கலாம். டப்பாவையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போங்கள். ஸ்டீரொயிட் என்றால் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், எப்படிக் குறைப்பது என்று அங்கே சொல்வார்கள். வாடியில் அகல விளிம்புத் தொப்பி போடுங்கள். சன் கிரீம் வாங்கினால் தோல் நிறச் சாயம் கலந்ததாகப் பாருங்கள். அதிலுள்ள இரும்பு ஒக்சைட், சாயமில்லாத சன் கிரீம் தடுக்காத, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். கலியாணத்துக்குள் முழுதாய்ப் போகாது, மங்கலாகும். மிச்சத்துக்குப் பவுடர் இருக்கிறது.

வயது 61. முன்தலை வழுக்கையாகி இருபது வருடம். லேசர் சீப்பு வாங்கலாமா?
– வாசகர், பாலையூற்று

வேண்டாம் ஐயா. இவ்வளவு காலம் வழுவழுவென்று கிடக்கும் இடத்தில் எழுப்புவதற்கு வேர்ப்பை மிஞ்சியிராது. அந்தக் காசில் நல்ல தொப்பி ஒன்று வாங்குங்கள். உச்சியில் ஆறாத புண்ணோ சொரசொரப்போ தெரிந்தால் மட்டும் என்னிடம் வாருங்கள்.