தொண்டுக்காக மலையேற்றம்: விமானச் சீட்டு யார் காசில்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "லண்டனில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நிதி திரட்டும் நடைப்பயணம் ஒன்றை ஏற்பாடு செய்கிறது. பதிவுக் கட்டணம் கட்டிய பிறகு ஆளுக்குக் குறைந்தது 3,500 ஸ்டேர்லிங் பவுண் திரட்டிக் கொடுக்க வேண்டும். பயணச் செலவும் அதற்குள் அடங்குமாம். கொழும்பிலிருந்து போய்த் திரும்ப மொத்தம் 12 நாள். எனக்கு 41 வயது, பிரஷருக்குக் குளிசை எடுக்கிறேன். அண்ணா லண்டனில் இருக்கிறார், அவரும் காசு தருவார். சேரலாமா?"

இப்படியொரு பயணத்தில் தாராளமாகச் சேரலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் பணக் கணக்கோடும் நாள் கணக்கோடும் சேர வேண்டாம் என்பேன்.

முதலில் பணம். 3,500 பவுணில் உங்கள் விமானம், விடுதி, வழிகாட்டி எல்லாவற்றுக்கும் எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். 1,700 போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அலுவலகத்தில் ஒருவர் தரும் ஒவ்வொரு 100 பவுணிலும் ஏறக்குறைய 49 உங்கள் பயணத்துக்குத்தான். இது களவு இல்லை, பிரித்தானியாவில் பல காலமாக நடக்கிற முறை. கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் பெரும்பாலும் தெரிவதில்லை. "பிள்ளைகளின் சிகிச்சைக்கு" என்று கேட்டு வாங்கிய காசில் நேபாளத்துக்கு டிக்கெட் எடுத்தது பிறகு தெரியவந்தால், பம்பலப்பிட்டி முழுக்க அதுதான் கதையாக இருக்கும்.

நிறையத் தொண்டு நிறுவனங்கள் சொந்தச் செலவில் வரவும் இடம் கொடுக்கின்றன. பயணச் செலவை நீங்களே கட்டுவீர்கள், திரட்டும் காசு முழுவதும் தொண்டுக்குப் போகும். கையில் வசதி இருந்தால் அதையே எடுங்கள், காசு கேட்கும்போது வாய் கூசாது. அண்ணாவின் காசுக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. பிரித்தானியாவில் வரி கட்டுபவர் தொண்டு நிறுவனத்துக்குத் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். கிஃப்ட் எய்ட் என்பது அதுதான். உங்கள் பயணச் செலவை நிறுவனம் ஏற்றால், கணவர், பெற்றோர், பிள்ளைகள், சகோதரர் போன்ற நெருங்கிய உறவுகள் தரும் காசுக்கு அது கிடைக்காது. நீங்களே கட்டினால் அந்தத் தடை இல்லை.

இலக்கை எட்டாவிட்டால் மீதியை யார் கட்டுவது என்பதையும் விதிமுறைகளில் தேடிப் பாருங்கள். அநேகமாக நீங்கள்தான். பதிவுக் கட்டணம் பொதுவாகத் திரும்ப வராது. நிறுவனத்தின் பதிவையும் ஆண்டுக் கணக்கையும் இங்கிலாந்தின் தொண்டு ஆணையத் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வசூலை உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொல்லாதீர்கள், கொடுப்பவர்கள் நேரே நிறுவனத்துக்கே அனுப்பட்டும்.

நிதி திரட்டத்தான் வேண்டும் என்றால் வெளிநாடு போயே ஆக வேண்டியதும் இல்லை. 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குக் காசு சேர்த்தார்கள். 2016இல் கராப்பிட்டிய மருத்துவமனைக்காக இன்னொரு நடை. அங்கே யாருக்கும் விமானச் சீட்டு தேவைப்படவில்லை.

சரி, இமயமலையைப் பார்க்க ஆசை என்றால் அதுவும் நியாயமான காரணமே. அப்படியானால் 12 நாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நடை தொடங்கும் லுக்லாவே சுமார் 2,850 மீற்றர். நம் நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். அடிவார முகாம் 5,364 மீற்றர், அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் கொழும்பில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. 3,000 மீற்றருக்கு மேலே போனபின், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பொது விதி. அதனால்தான் நல்ல ஏற்பாட்டாளர்கள் நாம்சே பஜாரில் (3,440) இரண்டு இரவும், டிங்போச்சேயில் (4,410) இரண்டு இரவும் தங்கவைப்பார்கள். இப்படிப் போனால் ஏறவும் இறங்கவும் மட்டுமே 11 நாள் அளவில் வரும். அதற்கு மேல் காத்மண்டு, கொழும்பு விமானம். லுக்லாவுக்குப் போகும் சின்ன விமானங்கள் மேகம் மூடினால் பறக்காது, அதற்கும் ஓரிரு நாள் கையில் வைத்திருக்க வேண்டும். ஆகவே 12 நாள் திட்டத்தில் வெட்டப்பட்டிருப்பது அந்த ஓய்வு நாட்களாகத்தான் இருக்கும். ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்று ஒரு பட்டியல் கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு நிறுவனம் பாருங்கள். லீவு 12 நாளுக்கு மேல் கிடைக்காது என்றால் இன்னும் தாழ்வான பாதை ஒன்றைத் தேடுங்கள்.

உடற்பயிற்சி அந்த ஓய்வு நாட்களை ஈடு செய்யாது. ஒட்சிசன் குறைந்த உயரத்துக்கு உடம்பு பழகுமுன் ஏறுவதால் வருவதுதான் உயர நோய். அது மரதன் ஓடுபவருக்கும் வரும், முதலில் ஓடி முன்னால் போகிறவருக்கு இன்னும் கெதியாக வரும். ஆனாலும் பயிற்சி வேண்டும், ஏனெனில் களைத்துப்போன உடம்பு எதையும் தாங்காது. சுதந்திரச் சதுக்கத்தையும் காலி முகத்திடலையும் சுற்றுவது நல்லது, ஆனால் அது சமதரை. உங்கள் தொடர்மாடியின் படிகளில், முதுகில் ஐந்தாறு கிலோ பையோடு, ஏறி இறங்குங்கள். லிஃப்டை மறந்துவிடுங்கள். பருவத்தில் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஒருமுறை போய் வந்தால், இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். சப்பாத்தைப் புறப்படும் வாரத்தில் வாங்கவே வேண்டாம்.

பிரஷர் கட்டுப்பாட்டில் இருந்தால் அது மட்டும் தடை அல்ல. உயரத்தில் அது கூடக்கூடும் என்பதால் வழமையாகப் பார்க்கும் டாக்டரிடம் திட்டத்தைக் காட்டிக் கேளுங்கள். உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைட் என்ற குளிசை கொடுப்பார்கள். உங்கள் பிரஷர் மருந்து சிறுநீரைக் கூட்டும் வகையா, சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதா என்பதை அதற்கு முன் அவரிடம் சொல்ல வேண்டும். மேலே தலையிடியோடு சத்தியும் வந்தால் அன்றைக்கு ஏறக் கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழம்பினால் விடியும்வரை காத்திருக்காமல் இறங்க வேண்டும். குழுவில் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், காசு தந்தவர்கள் என்ன கேட்பார்கள் என்ற வெட்கத்தில்தான் பலர் மறைக்கிறார்கள்.

காப்புறுதிப் பத்திரத்தில் உயர எல்லையைப் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல 3,000 அல்லது 4,000 மீற்றரோடு நின்றுவிடும். உங்களுக்கு 5,500 வரைக்கும் வேண்டும், ஹெலிகொப்டர் மீட்பும் சேர்த்து. அவசரம் வந்தால் முதலில் காப்புறுதி நிறுவனத்தின் இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் தேவையில்லாமல் ஹெலிகொப்டர் வரவழைத்துப் பில் போடும் மோசடிகளை 2018இல் நேபாள அரசே விசாரித்தது. விசா ஒரு தலைவலியே இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்த ஆண்டின் முதல் பயணத்தில் 30 நாள் விசா இலவசம்.